மண் வயனமும் ரகமும்: வடசென்னையின் வடியாத பொறைமண்

தமிழ்நாட்டு வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பட்டாவுக்காகவோ வங்கிக் கடனுக்காகவோ அந்தப் பதிவேட்டின் நகலை எடுப்பவர்கள் பெயரையும் பரப்பையும் சரிபார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். இந்தக் கட்டத்துக்குள் இருக்கும் எண்கள் எதைக் குறிக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. ரயத்துவாரி நிலவரித் திட்டக் காலத்தில் தீர்வை விதிப்பதற்காகச் செய்யப்பட்ட மண் வகைப்பாட்டின் மிச்சம் அது. கருமண்ணா, செம்மண்ணா, மணற்பாங்கா, களி எவ்வளவு கலந்தது என்பதை வயனம் சொல்லும். அந்த வயனத்துக்குள் நிலம் உயர்ந்ததா, மட்டமானதா என்பதை ரகம் சொல்லும். வரி வாங்குகிறவருக்கு அது போதும். ஆனால், கையில் எடுத்தால் அருமையாக இருக்கும் மண் காலில் மிதித்தால் ஏன் சேறாக இருக்கிறது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. மணலி, எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் வட்டாரத்துத் தாழ்நிலங்களைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

சென்ற சித்திரையில் மணலி புதுநகருக்கு அருகில் உறவினர் ஒருவர் வீடு கட்ட வானம் தோண்டினார். ஐந்தடி ஆழத்துக்கு வெட்டிய குழியின் சுவரைக் கத்தியால் செதுக்கிப் பார்க்க எனக்கு அரை நாள் கிடைத்தது. மேலே ஏறத்தாழ இரண்டடிக்குச் செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் கலந்த சவுடு. மனை போட்டவர்கள் லாரியில் கொண்டுவந்து கொட்டியது. அதன் கீழே ஒரு சாண் கனத்துக்குக் கருத்த பழைய மேல்மண், அதில் மக்கிய கோரை வேர்கள். அதற்கும் கீழே சாம்பல் நிற மண்; அந்தச் சாம்பலுக்குள் வேர் ஓடிய துளைகளைச் சுற்றி மட்டும் துருப்பிடித்த ஆணியை உருவி எடுத்த இடம்போலச் செம்பழுப்பு உறைகள். நாலடிக்குக் கீழே சாம்பல் நீலம் பாய்ந்து, அழுகிய முட்டை வாடை லேசாக வந்தது. கோடை உச்சத்திலும் குழியின் அடியில் அரை மணி நேரத்துக்குள் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊறியது. "என்ன சார், மண்ண மோந்து பாக்குறீங்க?" என்றார் மேஸ்திரி.

அந்தச் சாம்பல் மண்ணில் ஒரு பிடி எடுத்து, நீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாபோல் தள்ளினால், மூன்று சென்டிமீட்டர் நீண்டு தன் எடை தாங்காமல் முறிந்து விழுந்தது. இது வயலில் செய்யும் எளிய சோதனை. நல்ல களிமண்ணாக இருந்தால் நாடா ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டும். வெறும் மணலாக இருந்தால் நாடாவே வராது. இடையில் விரலுக்கு நெருடலும் தட்டுப்பட்டதால், களி கலந்த பொறை மண் என்று சொல்லிவிடலாம். பொறை மண் என்பது மணல், வண்டல், களி மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சாமல் கலந்தது. உழவர்கள் இருமண்பாடு என்பதும் இதையே. அளவாகச் சொன்னால், 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரை மணல், 0.002 வரை வண்டல், அதற்கும் நுண்ணியது களி. களி 7 முதல் 27 விழுக்காடு வரை, வண்டல் 28 முதல் 50 வரை, மணல் 52-க்கு மிகாமல் இருந்தால் அது தூய பொறை மண். களியோ மணலோ கூடக் கூட அதன் பெயருக்கு முன்னால் அடைமொழி சேரும்.

பாடப்புத்தகப்படி பார்த்தால் இதைவிட நல்ல மண் கிடையாது. நீரைப் பிடித்து வைக்கவும் செய்யும், மிஞ்சியதை வடித்துவிடவும் செய்யும். அப்படியானால் வடசென்னையில் ஏன் வடியவில்லை? வடிகால் என்பது மண்ணின் குணம் மட்டும் இல்லை, மண் கிடக்கும் இடத்தின் குணமும்கூட என்பதுதான் இதற்கு விடை. கீழே போக வழியிருந்தால்தான் தண்ணீர் போகும். வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் அடிப்பாகம் நிறைந்த அண்டாவுக்குள் மூழ்கியிருந்தால் மேலிருந்து ஊற்றுவது இறங்காது அல்லவா?

அந்த அண்டா எப்படி அமைந்தது என்று பார்ப்போம். பூண்டியைக் கடந்து வரும் கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலில் சேர்கிறது. ஒரு காலத்தில் பாலாறும் இந்தப் பக்கமாகவே வடகிழக்கே ஓடியது என்பது நிலவியலார் பலரின் கருத்து. ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலும் மாறி மாறிப் படிந்து உருவான சமவெளி இது. கடல் பின்வாங்கிய ஒவ்வொரு கட்டத்திலும் கரைக்கு இணையாக ஒரு மணல்மேடும், அதன் பின்னால் ஒரு பள்ளமும் உருவாயின. மேட்டில் ஊரும் தென்னையும். பள்ளத்தில் நெல்லும் கோரையும் உப்பளமும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் போகும்போது மேற்கே இறங்கும் தெருக்கள் ஒவ்வொன்றும் அந்தப் பழைய பள்ளத்துக்குள்தான் இறங்குகின்றன. கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரமே உள்ள நிலத்தில் நீருக்குச் சரிவு கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டுகிறது. கொட்டும் நேரத்தில் கழிமுகத்தில் ஏற்றமாக இருந்தால், சுமார் ஒரு மீட்டர் உயரும் அந்த ஏற்றமே ஆற்றுக்கு அணையாக நின்றுவிடும். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு, 1876–78 பஞ்சகால வேலையில் விரிவாக்கப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்ற கால்வாயும் இந்தப் பள்ளத்தின் வழியாகவே ஓடுகிறது. படகுப் போக்குவரத்துக்காக வெட்டியது என்பதால் அது மட்டமாக, கடலோடு தொடர்பு வைத்து ஓடுகிறதே தவிர, நிலத்தை வடிப்பதற்கு ஏற்ற சரிவு அதற்கு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகும் மணலிப் பக்கத்துத் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்கு மழையின் அளவை மட்டும் காரணமாகச் சொல்லக்கூடாது.

இங்கே பொறை மண்ணின் நற்குணமே அதற்கு எதிரியாகிறது. மண் துகள்களுக்கு நடுவிலுள்ள நுண்துளைகள் விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல நிலத்தடி நீரை மேலே இழுக்கும். மணலில் துளைகள் பெரியவை என்பதால் நீர் ஓரடிக்குமேல் ஏறுவது அரிது. களியில் மிக நுண்ணியவை என்பதால் உயரமாக ஏறும், ஆனால் ஆமை வேகத்தில். உயரமும் வேகமும் ஒருசேர வாய்த்தது பொறை மண்ணுக்குத்தான். நீர்மட்டம் மூன்றடியில் இருந்தாலும் ஈரம் மேற்பரப்பைத் தொட்டுவிடும், சுவரிலும் ஏறும். தமிழில் ஓதம் என்ற சொல் கடலின் ஏற்றத்தையும் குறிக்கும், சுவரில் ஏறும் ஈரத்தையும் குறிக்கும். எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து உப்புப் பூத்து நிற்பதைப் பார்த்தால், அந்த இரண்டு பொருளும் ஒரே தண்ணீர்தான் என்று தோன்றும்.

இனி நிறத்துக்கு வருவோம், ஏனெனில் வகைப்பாட்டின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. மண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் தருவது இரும்பு ஆக்சைடு. மண்துளைகளில் நீர் நிறைந்தால் காற்று வெளியேறுகிறது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் இருக்கும் ஆக்சிஜனை ஓரிரு நாளில் தீர்த்துவிட்டு, மூச்சுக்கு அடுத்தடுத்த பொருள்களைத் தேடும்: முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, அதன்பின் இரும்பு, அதற்கும் பின் சல்பேட், கடைசியில் மீத்தேன் உருவாகும் கட்டம். இரும்பின் முறை வரும்போது, கரையாத பெரிக் இரும்பு கரையும் பெரஸ் இரும்பாக மாறி, துகள்களின் மேல் பூசியிருந்த நிறம் கழுவப்பட்டு, அடியிலிருக்கும் சாம்பல் வெளிப்படுகிறது. கரைந்த இரும்பு நகர்ந்து, வேர்த்துளை போன்ற காற்று நுழையும் இடத்தைத் தொட்டதும் மீண்டும் துருவாகப் படிகிறது. குழியில் கண்ட செம்பழுப்பு உறைகள் அவைதான். கடல்நீரில் சல்பேட்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் இங்கே அடுத்த கட்டமும் நடக்கிறது. அழுகிய முட்டை வாடை அதன் அடையாளம்.

இந்த நிறத்தை அளக்க, அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் வகுத்த நிற அட்டவணையை மண்ணியலார் வைத்திருக்கிறார்கள். சாயல், வெளிர்மை, செறிவு என மூன்று அளவுகள். எங்கள் குழியின் சாம்பல் மண் 10 ஒய்.ஆர். 5/1 என்ற சதுரத்தோடு பொருந்தியது. கடைசி எண்ணான 1, நிறச் செறிவு. அது 2 அல்லது அதற்குக் குறைவாக இருந்து, கூடவே துருப்புள்ளிகளும் இருந்தால், மண் நீண்ட காலம் நீரில் மூழ்கிக் காற்றிழந்து இருந்திருக்கிறது என்று பொருள். உறுதிப்படுத்த இன்னொரு வழியும் உண்டு. ஆல்பா-ஆல்பா டைபிரிடில் கரைசலில் ஒரு சொட்டு விட்டால் பெரஸ் இரும்பு இருக்கும் இடம் உடனே சிவக்கும்.

செங்குன்றத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கிழக்கே வந்தால் இந்த மாற்றத்தை வழி நெடுகப் பார்க்கலாம். ஊர்ப் பெயரிலேயே செம்மை இருக்கும் அந்த மேட்டில் நீர் இறங்கிவிடுவதால் இரும்பு துருவாகவே இருந்து மண் சிவக்கிறது. மாதவரம் தாண்டி இறங்க இறங்க மண் பழுப்பாகி, மஞ்சளாகி, புள்ளி விழுந்து, கழியோரத்தில் சாம்பலாகிறது. இரும்பு எங்கும் இருக்கிறது. மாறுவது நீர்மட்டத்தின் ஆழம். ஒரே சரிவில் வடிகால் வேறுபாட்டால் மட்டுமே பிரியும் இப்படிப்பட்ட மண் வரிசைக்கு அமெரிக்க அட்லாண்டிக் கடற்கரைச் சமவெளி பேர்போன எடுத்துக்காட்டு. கரோலினா மாநிலங்களில் நார்ஃபோக், கோல்ட்ஸ்பரோ, லிஞ்ச்பர்க், ரெயின்ஸ், பான்டிகோ என ஐந்து மண் தொடர்கள் உண்டு. இழைநயத்தில், அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த விகிதத்தில், எல்லாமே பொறை மண் குடும்பம். நார்ஃபோக் நன்றாக வடியும், அடுத்தது மிதமாக, மூன்றாவது ஓரளவு மோசமாக, ரெயின்ஸ் மோசமாக, பான்டிகோ படுமோசமாக. மேட்டிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கும்போது சில அடி உயர வேறுபாட்டுக்குள் இவை அடுத்தடுத்து வந்துவிடும்.

ஒரே குடும்பத்தின் உடன்பிறப்புகளுக்கு ஏன் தனித்தனிப் பெயர்? அமெரிக்க வேளாண் துறை 1975-இல் வெளியிட்டு 1999-இல் திருத்திய மண் வகைப்பாடு, பெயருக்குள்ளேயே நீரின் கதையை வைத்துவிடுகிறது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் அளவீட்டு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனம் நம் நாட்டு மண்களுக்குப் பயன்படுத்துவதும் இந்த முறைதான். அதில் 'வரிசை' எனப்படும் முதல்நிலைப் பிரிவுகள் மொத்தம் 12. ரெயின்ஸ் மண்ணின் பெயர் டிப்பிக் பேலிஅக்வல்ட்ஸ். இதைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். 'அல்ட்' என்றால் அல்டிசால் வரிசை, அதாவது கால்சியம் முதலிய காரங்கள் மழையில் கழுவப்பட்டுப் போன முதிர்ந்த மண். 'அக்வ' என்றால் நீர் தேங்கியது. 'பேலி' என்றால் பழமையானது. 'டிப்பிக்' என்றால் அந்த வகைக்கு இலக்கணமானது.

எங்கள் குழியின் மண்ணுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. இது இளைய படிவு. களி மேலிருந்து கழுவப்பட்டு அடியில் சேர்ந்து தனி அடுக்காகும் அளவுக்குக் காலம் ஆகவில்லை. காரங்கள் கழுவப்படுவதற்குப் பதிலாகக் கடல் அவற்றைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே, இப்போதுதான் உருக்கொள்ளத் தொடங்கிய இன்செப்டிசால் வரிசைக்கு அது போகும். சவுட்டுக்குக் கீழுள்ள பழைய மேற்பரப்பிலிருந்து 50 சென்டிமீட்டருக்குள் நீர்த்தேக்க அடையாளங்கள் இருப்பதால் 'அக்வெப்ட்' ஆகும். மேல் அடுக்கில் சோடியம் மிகுந்திருப்பது ஆய்வகத்தில் உறுதியானால் கிரேக்கத்தில் உப்பைக் குறிக்கும் 'ஹால்' முன்னால் ஒட்டி, ஹாலக்வெப்ட் என்றாகும். களி 18 முதல் 35 விழுக்காட்டுக்குள் இருந்தால் நுண்பொறைக் குடும்பம். ஆண்டுச் சராசரி மண் வெப்பம் 22 டிகிரிக்கு மேல், கோடைக்கும் குளிருக்கும் வேறுபாடு மிகக் குறைவு என்பதால் ஐசோஹைபர்தெர்மிக். பெயர் வாயில் நுழையாததுதான். ஆனால் பதிவேட்டுக் கட்டத்தில் இருக்கும் எண்களைவிட எவ்வளவோ சொல்கிறது.

உலக அளவில் வழங்கும் இன்னொரு வகைப்பாட்டில் இதே மண் கிளேசால் அல்லது சொலான்சாக் என்றாகும். இரண்டுமே ரஷ்ய உழவர்களின் பேச்சிலிருந்து அறிவியலுக்குள் போன சொற்கள். சேற்று மண்ணுக்கு அவர்கள் சொன்னது 'கிளே'; உப்பு நிலத்துக்குச் சொன்னது 'சொலான்சாக்'. நம் உவரும் களரும் அப்படிப் போகவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஏனென்றால் அவை அவ்வளவு துல்லியமானவை. வேளாண்மைத் துறைத் தமிழில் உவர் நிலம் என்றால் கரையும் உப்பு மிகுந்தது: மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல், அமிலகார நிலை 8.5-க்குக் கீழ். களர் நிலம் என்றால் களித்துகளோடு ஒட்டியிருக்கும் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல், அமிலகார நிலை 8.5-க்கு மேல். முன்னதில் வெள்ளைப் பொருக்குப் பூக்கும், ஆனால் மண் பொலபொலவென்றே இருக்கும். பின்னதில் சோடியம் களித்துகள்களைப் பிரித்துக் கலைத்துவிடுவதால் துளைகள் அடைபட்டு, ஈரத்தில் கூழாகவும் காய்ந்தால் கல்லாகவும் ஆகும். இருந்த கொஞ்சநஞ்ச வடிகாலும் அத்தோடு போய்விடும். உவருக்கு நல்ல நீர் பாய்ச்சிக் கழுவுவது மருந்து. களருக்கு அதற்கு முன்னால் ஜிப்சம் இட வேண்டும். இரண்டுக்குமே கழுவிய நீர் வெளியேற வடிகால் வேண்டும் என்பதால்தான் இந்த நிலங்களைச் சீர்திருத்துவது காகிதத்தில் எளிதாகவும் களத்தில் கடினமாகவும் இருக்கிறது.

உப்பு மேலிருந்து மட்டும் வருவதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் அடியில் புகுந்தது 1960-களின் இறுதியிலேயே பதிவாகி, பிறகு பல கிலோமீட்டர் உள்நாட்டுக்கு முன்னேறியது. ஒரு காலத்தில் சென்னைக்கே குடிநீர் தந்த அந்த வட்டாரத்தில், கடல்நீரை நன்னீராக்கி நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. கழியோரமாகக் கண்டலும் உமிரியும் முளைக்கும் சேற்றுக்கு வேறோர் ஆபத்து உண்டு. அதிலுள்ள சல்பைடு நீருக்குள் இருக்கும்வரை சாது. தோண்டி வெளியே கொட்டிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறி மண்ணின் அமிலகார நிலையை 4-க்கும் கீழே இறக்கிவிடக்கூடும். கால்வாய் தூர்வாரி எடுத்த கருஞ்சேற்றைத் தோட்டத்துக்கு உரம் என்று வாங்கிப் போடுகிறவர்கள் முதலில் சில வாரம் காயவிட்டு, பிறகு சோதித்துப் பார்ப்பது நல்லது.

கட்டடப் பொறியாளரின் மொழி இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. இந்தியத் தர நிர்ணயம் 1498-இன்படி வண்டலுக்கு மேலெல்லை 0.05 இல்லை, 0.075 மில்லிமீட்டர், களியின் நெகிழ்மையைத் திரவ எல்லை (மண் குழம்பாகத் தொடங்கும் ஈர அளவு) 35, 50 என்ற கோடுகளால் பிரிப்பார்கள். ஆழ்துளை அறிக்கையில் 'சில்ட்டி கிளே' என்று எழுதியிருப்பதும் நான் பொறை மண் என்பதும் ஒரே மண்ணாக இருக்கலாம். அவர் கேட்பது எவ்வளவு சுமை தாங்கும் என்று. உழவர் கேட்பது என்ன விளையும் என்று. இரண்டு பேரும் நீரைப் பற்றிக் கேட்பது ஆண்டின் எந்த மாதத்தில் என்பதுதான் சிக்கல். மனை விற்பனையும் மண் பரிசோதனையும் பெரும்பாலும் கோடையில் நடக்கின்றன. நீர்மட்டம் அப்போது எங்கே இருக்கிறது என்பதைக் குழி காட்டும். கார்த்திகையில் எங்கே இருக்கும் என்பதை நிறம்தான் காட்டும்.

சவுடு கொட்டி மேடாக்கிய மனைக்கு வகைப்பாடு ஒரு விசித்திரமான தீர்ப்பு வழங்குகிறது. புதுமண் 50 சென்டிமீட்டருக்கு மேல் கனமாக இருந்தால் அடியிலிருப்பது 'புதைந்த மண்' என்றாகி, பெயரிடுவதற்கான கணக்கு புதிய மேற்பரப்பிலிருந்து தொடங்கும். காகிதத்தில் அந்த இடத்தின் சாம்பல் மண் மறைந்துபோகிறது. கட்டட இடிபாடு நிறைய கலந்திருந்தால், மனிதன் செய்த மண்ணுக்கென்றே உலக வகைப்பாட்டில் டெக்னோசால் என்ற தனிப் பிரிவு உண்டு. வடசென்னையில் சாம்பலும் இடிபாடும் குப்பையும் கொட்டி உயர்த்திய பரப்பு கொஞ்சமில்லை; ஒரு நாள் யாராவது முறையாக வரைபடம் போட்டால், பாதி இடத்துக்கு இந்தப் பெயர்தான் வரும் என்பது என் ஊகம்.

ஆனால் நீர் இந்தத் தீர்ப்பை ஏற்றதாகத் தெரியவில்லை. குழிச் சுவரில் சவுட்டின் அடிப்பாகத்தைக் கடைசியாகச் செதுக்கியபோது, பழைய மேல்மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு, செங்கல் துண்டுகளுக்கு நடுவிலேயே மெல்லிய துருக்கோடுகள் தொடங்கியிருந்தன. லாரியில் வந்த சிவந்த மண் அங்கங்கே வெளிறிச் சாம்பலாகவும் ஆரம்பித்திருந்தது. அந்த மனை நிரப்பப்பட்டுப் பன்னிரண்டு மழைக்காலம் ஆகிறது என்று உறவினர் கணக்குச் சொன்னார். மேஸ்திரி துருக்கோட்டின் உச்சியை விரலால் தொட்டுப் பார்த்து, ஆணியால் சுவரில் ஒரு கோடு கிழித்து, அங்கிருந்து டேப்பைப் பிடித்து அளந்தார். ஈரத்தடுப்புப் பூச்சைத் தரைமட்டத்திலிருந்து ஓரடியில் போடுவதாக இருந்தவர், இரண்டரை அடி என்று மாற்றி, பிளின்த்துக்கு எத்தனை செங்கல் கூடுதலாக வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போடத் தொடங்கினார்.